ஆகாயத்தில் நின்றுகொண்டு வேலை செய்கிறவர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு என் பழைய மாணவன் ஒருவன் குடும்பத்தோடு காவடி எடுத்து வந்திருந்தான். அவன் மகள் ஒரு விமானக் கம்பெனியில் கேபின் க்ரூ. நம் படிகள் 365 என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் ஓடியே ஏறிய பெண், இந்த முறை பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா, கால்ல என்ன?" என்றேன். மாசி மாதம் ஒரு ஃப்ளைட்டில் விமானம் குலுங்கியதில் கணுக்கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்களாம். பெல்ட் போட்டிருந்த பயணிகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம் ட்ராலியைத் தள்ளிக்கொண்டிருந்த இவள் மட்டும் மேலே போய்க் கீழே வந்திருக்கிறாள்.

அவளுடைய அத்தை பக்கத்திலிருந்து, "காபி ஊத்துற வேலைக்குப் போய்க் காலை உடைச்சிக்கிட்டு வந்திருக்கு, இதுக்கா இவ்வளவு படிக்க வெச்சோம்" என்றார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அத்தைக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷம் வரலாறு நடத்தியவன், எதையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரும்.

1930 மே 15. அமெரிக்காவில் ஓக்லாந்திலிருந்து சிகாகோவுக்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதில் எலன் சர்ச் என்ற பெண் பணிப்பெண்ணாகப் போனார். உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண் அவர்தான். அவர் பயிற்சி பெற்ற நர்ஸ், விமானம் ஓட்டவும் கற்றவர். பைலட் வேலை கேட்டுப் போனவரைப் பைலட்டாக எடுக்கவில்லை. பிறகு அவரே சொன்ன யோசனைப்படி, நர்ஸ்களைப் பயணிகளோடு அனுப்பிப் பார்க்கலாம் என்று போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி எட்டுப் பேரை எடுத்தது. ஏன் நர்ஸ்? அந்தக் கால விமானத்துக்கு உள்ளே காற்றழுத்த வசதி கிடையாது. உயரே போக முடியாது, மேகத்துக்குள்ளேயே தட்டுத் தடுமாறிப் போக வேண்டும். குலுக்கலில் பயணிகள் வாந்தி எடுப்பார்கள், பயப்படுவார்கள். ஆக, இந்த வேலை பிறந்ததே காற்றுக் குலுக்கலால்தான். காபி பிறகு வந்தது. அந்த நர்ஸ்களின் வேலைகளில் ஒன்று, நாற்காலிகளைத் தரையோடு பிணைத்த ஆணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது.

நம் நாட்டில் 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அட்லஸை எடுத்துப் பெல்லாரிக்கும் சென்னைக்கும் நடுவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். கோடு நாகரி மலையை ஒட்டிப் போகும். நம் மலை மேலிருந்து வடக்கே பார்த்தால் மூக்கு மாதிரி தெரியுமே, அதேதான். ஒற்றை இன்ஜின் விமானம், உள்ளே தபால் மூட்டை. காபி கேட்க ஆள் இல்லை.

1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டன் போனது. உள்ளே காற்றழுத்தம் வைத்த விமானங்கள் வந்ததும் மேகத்துக்கு மேலே பறக்கலாம் என்றாயிற்று. இனிமேல் குலுக்கல் தொல்லை தீர்ந்தது என்று உலகம் நினைத்தது. அதற்கு அடுத்து வந்த ஜெட் விமானமான காமெட்டை, வானத்தில் கம்பளம் விரித்ததுபோல் போகிறது என்று கொண்டாடினார்கள். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் காமெட் பயணிகளோடு பறந்தது. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை.

சரியாக ஒரு வருடம் கழித்து அதே நாளில், 1953 மே 2, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகும் காமெட் ஒன்று கல்கத்தாவின் டம்டம் நிலையத்தில் மாலை நாலரை வாக்கில் மேலே ஏறியது. ஆறே நிமிடத்தில் தொடர்பு அற்றுப்போனது. கல்கத்தாவுக்கு வடமேற்கே ஜகல்கோரி என்ற கிராமத்துப் பக்கம் துண்டு துண்டாக விழுந்தது. 43 பேர், பணியாளர்கள் உட்பட, ஒருவரும் மிஞ்சவில்லை.

அந்த மாதத்தைக் கவனியுங்கள். நமக்குச் சித்திரை, வங்காளிகளுக்குப் பைசாக். அந்த மாதத்து மாலைகளில் அங்கே ஒரு சூறை வரும். 'கால்பைசாகி' என்பார்கள், பைசாக் மாதத்து எமன் என்கிற மாதிரி அர்த்தம். வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று கீழே வரும், சோட்டா நாக்பூர் பக்கத்திலிருந்து வறண்ட சூடான காற்று மேலே வரும். பகல் முழுக்கத் தரை காயும். சாயங்காலம் இரண்டும் மோதி, மேகம் ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பும். அந்த மேகத்துக்குள் ஒரு பக்கம் காற்று மேலே பாய்கிறது, பக்கத்திலேயே கீழே பாய்கிறது. விமானம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்திய அரசு விசாரணை மன்றம் அமைத்தது. பேராசிரியர் நடேசன் சீனிவாசன் அதில் தொழில்நுட்ப வல்லுநர். சூறையின் கடுமையான காற்று வீச்சோ, அதைச் சமாளிக்கப் பைலட் கட்டுப்பாட்டுக் கருவிகளை அளவுக்கு மீறி இழுத்ததோ, விமானத்தின் உடலை முறித்திருக்கிறது என்பது முடிவு. காமெட்டுக்கு வேறு நோயும் இருந்தது. மறு வருடம் எல்பா, நேப்பிள்ஸ் கடல்களில் இரண்டு காமெட்டுகள் உலோகக் களைப்பால் வெடித்தன. அந்தக் கதை பெரிதானதால் கல்கத்தா கதையை உலகம் மறந்தது. ஆனால் கொந்தளிப்பான காற்றில் வேகத்துக்குக் கடுமையான வரம்பு வேண்டும், விமானத்திலேயே வானிலை ராடார் வேண்டும் என்ற இரண்டு பாடங்களும் அந்த ஜகல்கோரி வயலிலிருந்தும் வந்தவை. இன்று நீங்கள் ஏறுகிற எந்த விமானத்தின் மூக்குக்குள்ளும் அந்த ராடார் இருக்கிறது.

இப்போது 69 வருடம் தாண்டி வாருங்கள். 2022 மே 1. அதே வங்காளம், அதே பைசாக் மாதம். மும்பையிலிருந்து துர்காபூருக்கு மாலையில் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் போயிங் 737, இறங்கும்போது சூறையில் மாட்டிக்கொண்டது. இரண்டு நிமிடம் ஆட்டோ பைலட் விலகி, பைலட்டுகள் கையால் ஓட்டினார்கள். விமானம் பத்திரமாகத் தரை இறங்கியது. ராடாரும் வலுவான இறக்கையும் வந்தபின் விமானம் முறிவது அபூர்வம். இப்போது முறிவது உள்ளே இருப்பவர்களின் எலும்பு. 14 பயணிகளுக்கும் 3 கேபின் க்ரூவுக்கும் காயம் என்று டி.ஜி.சி.ஏ. அறிவித்தது. தலை, முதுகுத்தண்டு, தோள்பட்டை, முகம். பயணிகள் நூற்றெண்பதுக்கும் மேல், கேபின் க்ரூ நான்கே பேர். நான்கில் மூன்று! கணக்கு வாத்தியாரைக் கூப்பிடவே வேண்டாம். காயம்பட்ட பயணிகளில் ஒருவர் பல மாதம் சிகிச்சையில் இருந்து, அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார்.

அந்த அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. கூட்டல் 2.64 ஜி, கழித்தல் 1.36 ஜி. 'ஜி' என்றால் என்ன என்று ஒன்பதாம் வகுப்பில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது ஒரு ஜி. அறுபது கிலோ ஆள், கூட்டல் 2.64-இல் 158 கிலோவாகக் கனப்பார். கழித்தல் 1.36-இல் அவருக்குக் கூரைதான் தரை. 82 கிலோ கனத்தோடு கூரையில் போய் விழுவார். அடுத்த நொடி எண் மாறும்போது அங்கிருந்து கீழே விழுவார், கூடவே ட்ராலியும். முழுசாக நிரப்பிய சாப்பாட்டு ட்ராலி நூறு கிலோ வரை கனம் வரும். மேலே வெந்நீர் ஜக்கு. கணுக்காலும் முதுகுத்தண்டும் முறிவதற்கு இதுதான் வழி.

ஏன் பின்பக்கம் இருப்பவர்களுக்கே அதிகம் அடிபடுகிறது? அரக்கோணம் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேகத்தடையில் டிரைவர் தூங்குவார், கடைசி சீட்டுக்காரன் கூரையைத் தொடுவான். விமானத்திலும் வால் பக்கம் அப்படித்தான் வீசும். பெரிய அடுப்படியும் ட்ராலி அறையும் பெரும்பாலும் அங்கேதான்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2009 முதல் 2018 வரை அந்நாட்டு விமான நிறுவனங்களின் விபத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காற்றுக் குலுக்கலால் வந்தவை. அவற்றில் பலத்த காயம் அடைந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர், ஏறக்குறைய 79 சதவீதம், கேபின் க்ரூ. பயணிகள் நூற்றுக்கணக்கில், இவர்கள் கைவிரல் எண்ணிக்கையில் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்ணை இன்னொரு தரம் படியுங்கள். நிறைய அடி விழுந்தது விமானம் இறங்கும் நேரத்தில். பெல்ட் பார்ப்பது, குப்பை வாங்குவது, சீட்டை நிமிர்த்தச் சொல்வது என்று எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு இவர்கள் மட்டும் நிற்கிற நேரம் அது.

ராடார் இருக்கிறதே, முன்னாலேயே தெரியாதா என்று கேட்பீர்கள். ராடார் பார்ப்பது மழைத் துளியை, ஆலங்கட்டியை. மேகமே இல்லாத தெளிந்த வானத்தில் காற்று மட்டும் புரண்டால் ராடாருக்கு ஒன்றும் தெரியாது. 1966 மார்ச் 5 அன்று ஜப்பானில் ஃபூஜி மலைக்கருகே பளிச்சென்ற வெயிலில் ஒரு போயிங் 707 முறிந்து 124 பேரும் இறந்தார்கள். மலையைத் தாண்டி வரும் காற்று, ஆற்றுப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழிப்பதுபோல் சுழித்ததால் வந்த வினை.

உயரத்தில் ஓடும் வேகமான காற்றாறுகளின் கரைகளிலும் இப்படிச் சுழிக்கும். ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. நம் வானிலைத் துறையின் விஞ்ஞானி கோட்டீஸ்வரம், 1958-இல் ஒன்றை உலகுக்குச் சொன்னார். தென்மேற்குப் பருவமழை மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே, கிட்டத்தட்ட சென்னையின் அகலாங்கை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. சென்னையின் அகலாங்கு என்றால் நம் அகலாங்கும் அதேதான், 13 டிகிரி. ஆடிக் கிருத்திகைக்கு நாம் வியர்க்க வியர்க்கப் படி ஏறும்போது, தலைக்கு மேலே பதினாலு பதினைந்து கிலோமீட்டரில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பயணிகள் விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் போவதால் பெரும்பாலும் அதற்குக் கீழேயே போய்விடும். வடக்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றாறு விமானம் போகும் உயரத்திலேயே ஓடுகிறது. டெல்லிக்குப் போய்வரும் பிள்ளைகள் ஜனவரியில் அதை உணர்ந்திருப்பீர்கள்.

ரீடிங் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், விமானங்கள் நெருக்கமாகப் போகும் வட அட்லாண்டிக் வானத்தில் ஓர் இடத்தை எடுத்துக் கணக்கிட்டார்கள். தெளிந்த வானத்தில் வரும் கடுமையான கொந்தளிப்பு 1979-இல் வருடத்துக்கு 17.7 மணி நேரம். 2020-இல் 27.4 மணி நேரம். பூமி சூடாவதால் காற்றாறுகளின் வேக வித்தியாசம் கூடுகிறது என்பது அவர்கள் விளக்கம். நம் பேரப்பிள்ளைகள் நம்மைவிட அதிகமாகக் குலுங்கத்தான் போகிறார்கள்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மியான்மரின் ஐராவதிக்கு மேலே, 37,000 அடியில் நடந்தது. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், பலருக்கு முதுகுத்தண்டில் அடி. பாங்காக்கில் இறக்கினார்கள். டி.வி.யில் ஆயிரக்கணக்கான அடி விழுந்தது என்றார்கள். சிங்கப்பூரின் விசாரணை அமைப்பு வெளியிட்ட முதல் அறிக்கை வேறு சொன்னது. உயிரைக் குடித்த அந்த வீழ்ச்சி வெறும் 178 அடி, 4.6 வினாடி. கூட்டல் 1.35-இலிருந்து கழித்தல் 1.5 ஜி-க்கு மாற 0.6 வினாடி. கண் இமைத்துத் திறக்கும் நேரம். பெரிய இறக்கம் பிறகு பாங்காக்குக்குத் திரும்பும்போது பைலட்டுகள் தாங்களாகவே நிதானமாக இறக்கியது.

அந்த அறிக்கையில் என் மனதில் நின்றது வேறொரு வரி. பெல்ட் விளக்கு போட்டாயிற்று என்று ஒரு பைலட் சொன்ன குரல் 49 நிமிடம் 32-ஆம் வினாடியில் பதிவாகியிருக்கிறது. எல்லோரையும் தூக்கி எறிந்த அந்த உதறல் 40-ஆம் வினாடியில். நடுவே எட்டு வினாடி. உட்கார்ந்திருப்பவர் பெல்ட்டை மாட்ட எட்டு வினாடி போதும். நடுவழியில் ட்ராலியோடு நிற்கிறவர்?

படியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். "எட்டு வினாடியா சார்? ட்ராலி பிரேக்கை மிதிச்சு, வெந்நீர் ஜக்கைக் கீழ வெச்சு, நடுவுல நிக்கிற பேசஞ்சரை உட்கார வெக்கவே அது போயிடும். அப்புறம்தான் சார் எங்க சீட்டு" என்றாள். இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. படியைப் பார்த்தபடி விவரமாகச் சொன்னாள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதற்குப் பின் பெல்ட் விளக்கு எரியும்போது சாப்பாடு, சூடான பானம் எதுவும் கொடுப்பதில்லை என்று மாற்றிவிட்டது. கொரியன் ஏர் 2024 ஆகஸ்டில் சாதாரண வகுப்பில் கப் நூடுல்ஸ் கொடுப்பதையே நிறுத்தியது, கொதிநீர்க் காயத்துக்குப் பயந்து. இறங்குவதற்கு 40 நிமிடம் முன்னாலேயே வேலையை முடித்து க்ரூ உட்கார வேண்டும் என்றும் அதே கம்பெனி வைத்தது, முன்பு 20 நிமிடம். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் அந்த டிசம்பரிலிருந்து 10,000 அடிக்குப் பதில் 18,000 அடியிலேயே இறங்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவிடுகிறது. இவை எதற்கும் புதிய கருவி தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நிற்கிற நிமிடங்களைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். இதற்கு 2024 வரை ஏன் ஆக வேண்டும் என்று எனக்குக் கோபம்கூட வருகிறது.

இந்த வேலையை அலங்கார வேலையாகவே உலகம் பார்த்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1930-இல் எடுத்த நர்ஸ்களுக்கே கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, எடை இவ்வளவுக்கு மேல் கூடாது என்று விதி. நம் ஏர் இந்தியாவில் 35 வயதில் ஓய்வு, வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும், முதல் கர்ப்பத்திலும் வேலை போகும் என்று இருந்தது. நர்கிஸ் மிர்சா என்ற பணிப்பெண்ணும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைத் தூக்கி எறிந்தது. நான்கு வருடக் கல்யாண விதியை மட்டும் நியாயம் என்று விட்டுவிட்டது, அதில் எனக்கு உடன்பாடில்லை. எப்படியோ, வயதும் அனுபவமும் கூடினால் வேலையைவிட்டு அனுப்பு என்ற தொழிலில், பாதுகாப்புக்கு ஆளை வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்?

செப்டம்பர் 5 நம் ஊர்க்காரர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாள். அதே தேதியில் 1986-இல் கராச்சியில் கடத்தல்காரர்களிடமிருந்து பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்டவர் நீர்ஜா பனோட். அவரும் இதே 'காபி ஊத்துற வேலை'தான். ஆசிரியர் தினத்தில் வருடா வருடம் வகுப்பில் அவரையும் சொல்வேன், ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று, எல்லை ஊர்க்காரனாகச் சொல்கிறேன். 1960 ஏப்ரல் 1 வரை நாம் ஆந்திராவில் இருந்தோம், பிறகு இந்தப் பக்கம் வந்தோம். பாதி வீட்டில் இன்றும் தெலுங்குதான். எல்லைக் கோடு ஊரைப் பிரித்தாலும் மழை இரண்டு பக்கமும் பெய்யும். 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் பதான்கோட் பக்கம் ஆலங்கட்டிச் சூறையைப் பார்த்தது. சர்வதேச எல்லைப் பக்கமாக ஒதுங்க அனுமதி கேட்டது. இந்தியப் பக்கம் கொடுக்கவில்லை. லாகூரைக் கேட்டது, அங்கும் இல்லை. இரு நாடும் வானத்தை ஒன்றுக்கொன்று மூடியிருந்த நேரம். சூறைக்குள்ளேயே புகுந்து போனார்கள். விமானத்தின் மூக்கு உடைந்தது, ஒருவருக்கும் காயம் இல்லாமல் ஸ்ரீநகரில் இறக்கினார்கள். உள்ளே பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்த க்ரூ பெண்களின் வீடுகளில் அன்றிரவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிருத்திகை அன்று அந்தப் பெண் மீதிப் படியையும் ஏறிவிட்டாள். கையைப் பிடித்து ஏற்றியவர் அதே அத்தைதான், அதையும் சொல்ல வேண்டும். இறங்கும்போது மட்டும் ஆட்டோவில் போனார்கள். டாக்டர் சரி என்றால் ஐப்பசியில் மறுபடி டியூட்டிக்குப் போவதாகச் சொன்னாள். உங்களில் விமான நிலையத்திலும் விமானத்திலும் வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர் இருப்பது தெரியும். நான் எழுதியதில் தவறு இருந்தால் கீழே திருத்துங்கள். உங்கள் கம்பெனியில் இறங்குவதற்கு எத்தனை நிமிடம் முன்னால் உட்காரச் சொல்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.